ஒதுக்கியது என்று எழுதிய பை

செவ்வாய்க்கிழமை

அன்பு மருமகளுக்கு, அத்தை ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது.

இங்கே நானும் உன் புருஷனும் சுகம். என் முழங்கால் மட்டும் சுகமில்லை. அது எப்போது சுகமாக இருந்தது, இப்போது புதிதாக எழுத? அங்கே ஆஸ்பத்திரியில் உன் எக்ஸ்ரே பயிற்சி நன்றாக நடக்கிறதாம், விடுதிச் சாப்பாடுதான் வாயில் வைக்க முடியவில்லையாம். உன் புருஷன் சொன்னான். எனக்கு எல்லாச் செய்தியும் அவன் சொல்லித்தான் தெரியவேண்டியிருக்கிறது. நான் "சாப்பிட்டியா" என்று கேட்டு நீ "சாப்பிட்டேன்" என்று சொல்வதற்குள் அந்தத் தடியன் போனைப் பிடுங்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுகிறான். கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகிறது, இன்னும் மொட்டை மாடியில் போய்ப் பேச என்னதான் இருக்கிறதோ! அதனால்தான் காகிதத்தை எடுத்துவிட்டேன். இதை அவன் பிடுங்க முடியாது.

பெரிய செய்தி ஒன்று இருக்கிறது. நான் தைக்க ஆரம்பித்துவிட்டேன். சிரிக்காதே. நான் ஓய்வு பெற்ற அன்று சட்டைக் கம்பெனியில் கொடுத்தார்களே ஒரு தையல் மெஷின், மூன்று வருஷமாக அதன் மேல் நீ இஸ்திரி போடுகிறாய், அதே மெஷின்தான். இருபத்திரண்டு வருஷம் அடுத்தவர் தைத்ததில் குற்றம் கண்டுபிடித்து சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியவளுக்குப் போய் தையல் மெஷினைப் பரிசாகக் கொடுத்தார்களே, அதில் ஏதோ உள்குத்து இருக்கிறது என்று எனக்கு அன்றே சந்தேகம். முதுகுக்குப் பின்னால் என்னை "சிவப்பு ஸ்டிக்கர்" என்றுதான் கூப்பிடுவார்கள். "முடிஞ்சா நீ தைச்சுக் காட்டு" என்று சொல்லாமல் சொல்லியிருக்கிறார்கள்.

காட்டிவிட்டேன். பர்ஸ்! ஜிப் வைத்தது, லைனிங் வைத்தது, கையில் மாட்டிக்கொள்ள ஒரு வளையமும் வைத்தது. பதினொன்று தைத்தாகிவிட்டது.

முதல் பர்ஸ் கணக்கில் இல்லை. பர்ஸைத் தைக்கும்போது எல்லாவற்றையும் உள்பக்கம் வெளியே இருக்கும்படி வைத்துச் சுற்றித் தைத்து, கடைசியில் ஜிப் வழியாகத் திருப்ப வேண்டும். நான் ஜிப்பை மூடி வைத்துவிட்டுச் சுற்றிலும் தைத்துவிட்டேன். ஜிப்பின் நாக்கு உள்ளே மாட்டிக்கொண்டது. திறக்க வேண்டுமென்றால் நாக்கைப் பிடிக்க வேண்டும், நாக்கைப் பிடிக்க வேண்டுமென்றால் திறக்க வேண்டும். உன் புருஷன் ஸ்பூன் காம்பை விட்டு நெம்பினான், பென்சிலை விட்டு நெம்பினான். பிறகு, "அம்மா, இதைத் தலையணையா வெச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டான். இரண்டாவதிலிருந்து ஜிப்பைப் பாதி திறந்து வைத்துத்தான் தைக்கிறேன்.

ஜிப் எல்லாம் அவனுடைய பழைய பேண்ட்டுகளிலிருந்து பிரித்தது. அதனால் என் பர்ஸ்கள் எல்லாம் ஒரே அளவு. அடியில் விறைப்பாக நிற்க ஏதாவது வேண்டுமே என்று பார்த்தேன். நீயே எடுத்துக் கொடுத்த என் முழங்கால் எக்ஸ்ரே நாலைந்து வீட்டில் கிடந்தது. வெட்டி அடியில் வைத்துத் தைத்துவிட்டேன். ஒரு மடிப்பு விழவில்லை, ஜம்மென்று உட்காருகிறது. என் முழங்கால் யாருக்காவது உபயோகப்பட்டால் சரி.

துணிக்குத்தான் உன்னை மெச்ச வேண்டும். பீரோ மேலே நீ ஒரு நீலப் பையில் கட்டி வைத்து, உன் முத்து முத்தான கையெழுத்தில் "ஒதுக்கியது" என்று காகிதம் ஒட்டியிருந்தாய் அல்லவா? பார்த்ததும் எனக்குக் கம்பெனி ஞாபகம் வந்துவிட்டது. தையல் கோணினாலும், கறை இருந்தாலும், காலர் கோணி இருந்தாலும் அந்த பீஸ் "ஒதுக்கியது" என்று எழுதிய பெட்டிக்குத்தான் போகும். அந்தப் பெட்டியைப் பார்த்து எத்தனை தையல்காரிகள் அழுதிருக்கிறார்கள்! என் மருமகளும் கழிக்க வேண்டியதை இப்படிப் பிரித்து வைத்திருக்கிறாளே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. உள்ளே பச்சைக் கட்டம் போட்ட நைட்டி ஒன்று, காட்டன் புடவை இரண்டு, மஞ்சள் பூப்போட்ட ஜன்னல் திரை, மேஜை விரிப்பு, தலையணை உறைகள். எல்லாம் துவைத்துத் துவைத்துப் பூவாகிப் போன துணி. கத்திரி வைத்தால் வெண்ணெய் மாதிரி போகிறது.

பூங்காவில் என்னோடு நடக்கிற கோஷ்டிக்கு ஆறு கொடுத்தேன். எதிர்வீட்டு டீச்சருக்கு ஒன்று, மருந்துக்கடைக்காரருக்கு ஒன்று, மெஷினுக்கு எண்ணெய் போட்டுத் தந்த ரிப்பேர்க்காரருக்கு ஒன்று. என் பழைய சூப்பர்வைசரம்மாவைத் தேடிப்போய் ஒன்று கொடுத்தேன். அந்த அம்மா டேப் வைத்து அளந்து பார்த்துவிட்டு, "இந்தப் பக்கம் கால் இஞ்ச் கூட இருக்கு" என்றார். கொழுப்பைப் பார்த்தாயா! கடைசி ஒன்று உன் புருஷனுக்கு.

நீ வரும்போது உனக்கும் ஒன்று தைத்து வைக்கிறேன். என்ன நிறம் வேண்டும் என்று எழுது.

இப்படிக்கு,
தையற்கலைஞரான உன் அத்தை

*

திங்கட்கிழமை

என் கண்ணான மருமகளுக்கு,

உன் கடிதம் வந்தது. நாலே வரி. அதை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. "ஒதுக்கியது என்று நான் எழுதியது யாரும் தொடக்கூடாது என்பதற்காக, அத்தை. அவை அம்மாவுடைய துணிகள். அம்மா போய் ஒரு மாதம்கூட ஆகாமல் அப்பா கழிக்கச் சொன்னதை நான் யாருக்கும் தெரியாமல் எடுத்து வந்து காப்பாற்றி வைத்திருந்தேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்."

அந்தக் கடைசி வரியை நீ எழுதாமல் இருந்திருக்கலாம். "நாசமாப் போற கெழவி" என்று எழுதியிருந்தால்கூட ஒரு பாடு அழுதுவிட்டு எழுந்திருப்பேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறாய். இந்த உடம்பை என்ன பார்த்துக்கொள்வது?

உன் புருஷனிடம் காட்டினேன். படித்துவிட்டு, "ஐயோ அம்மா, ஆஸ்பத்திரியில கட்டிலுக்கு 'ஒதுக்கியது'ன்னு பலகை மாட்டினா வேற யாரும் படுக்கக்கூடாதுன்னு அர்த்தம்மா. அவ ஆஸ்பத்திரிக்காரிம்மா" என்றான். அடப் பாவி! நான் அவன் கண் முன்னால் இரண்டு வாரம் உட்கார்ந்து வெட்டினேனே, அப்போது வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தான்? கேட்டேன். காகிதத்தையே பார்க்கவில்லையாம். பேண்ட்டில் ஜிப் போனதைக்கூட ஆபீஸில் யாரோ சொல்லித்தான் பார்த்தானாம். அவனை நம்பி என்ன பிரயோஜனம்.

நான் ஒன்று சொல்கிறேன், நம்பு. உன் அம்மாவை நான் பார்த்ததெல்லாம் நாலு விசேஷத்தில், நல்ல புடவையில். வீட்டு நைட்டியில் நான் பார்த்ததே இல்லை. பார்த்திருந்தால் கத்திரியைத் தொட்டிருப்பேனா? எனக்குத் தெரியவில்லை அம்மா. அந்த மஞ்சள் திரையை உன் வீட்டு ஜன்னலில் பார்த்த ஞாபகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அது என் தப்புதான். மன்னித்துவிடு என்று எழுதக் கை வரமாட்டேன் என்கிறது, அந்த வார்த்தை இதற்குப் போதாது.

நீ என் போனை எடுக்கவில்லை. ஐந்து தடவை போட்டேன். அவன் பேசும்போதும் முன்போல் இல்லை, மொட்டை மாடிக்குப் போனவன் இரண்டே நிமிஷத்தில் இறங்கி வந்துவிடுகிறான். சோற்றைப் பிசைந்துகொண்டே இருக்கிறான். என்னால் உங்கள் இருவருக்கும் நடுவிலும் ஏதாவது வந்துவிட்டதோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

அதனால் ஒரு முடிவுக்கு வந்தேன். நீ அடுத்த மாதம் விடுமுறைக்கு வருவதற்குள் அந்தப் பதினொன்றையும் திரும்ப வாங்கிவிட வேண்டும். கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது எவ்வளவு கேவலம் என்று எனக்குத் தெரியாதா? கேவலப்பட்டாலும் பரவாயில்லை என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

முதலில் எதிர்வீட்டு டீச்சர். போன வாரம் வரை பார்க்கும்போதெல்லாம் "உங்க பர்ஸ் இல்லாம நான் வெளியிலேயே போறதில்ல" என்று என்னைக் குளிரவைத்தவர். கேட்டதும் விழித்தார். சமையலறைக்குப் போனார், எதையோ உருட்டினார், பத்து நிமிஷம் கழித்து ஈரத்தோடு கொண்டு வந்தார். அடுப்பிலிருந்து சூடான பாத்திரம் இறக்கப் பிடிதுணியாக வைத்திருந்திருக்கிறார்! ஒரு மூலையில் கரி. வாங்கி முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மருந்துக்கடைக்காரர் நல்லவர். ஆனால் மருந்துச் சீட்டுகளையெல்லாம் அதில் திணித்துத் திணித்து அது பூசணிக்காய் மாதிரி ஆகிவிட்டது. கொட்டினால் எந்தச் சீட்டு யாருடையது என்று குழம்பிவிடுமாம். அவருடைய கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து இரண்டு மணி நேரம் நானே அடுக்கிக் கொடுத்தேன். அந்த வேளையில் மூன்று பேர் என்னிடம் இருமலுக்கு மருந்து கேட்டார்கள்.

வாக்கிங் கோஷ்டிதான் உயிரை எடுத்துவிட்டது. சும்மா தரமாட்டார்களாம். பதிலுக்குப் பதில் வேண்டுமாம். அவர்களில் காது கேட்காத ஓர் அம்மா காது மெஷினை அதில்தான் வைத்திருக்கிறார். நான் என்ன கேட்கிறேன் என்று புரியவைக்க, முதலில் பர்ஸைத் திறந்து காது மெஷினை எடுத்து மாட்ட வேண்டியிருந்தது. மாட்டிய பிறகு தெளிவாகக் கேட்டுவிட்டு, தெளிவாக "முடியாது" என்றார். ரெண்டு ஜிப் வைத்துப் பெரியதாக ஒன்று தந்தால் யோசிப்பாராம். இன்னொருத்தி பர்ஸை வெயிலில் தூக்கிப் பிடித்து, "உள்ள ஏதோ எலும்பு தெரியுது" என்று கூட்டத்தையே கூட்டிவிட்டாள். என் முழங்கால்தான். நாலு பேர் சுற்றி நின்று தேய்மானம் அதிகம் என்று தீர்ப்புச் சொன்னார்கள்.

ஆக, ஒவ்வொரு பர்ஸுக்கும் பதில் பர்ஸ் ஒன்று தைத்துக் கொடுத்து மீட்டு வருகிறேன். இந்தத் தடவை துணி எல்லாம் என்னுடையது. என் நீலப் புடவை போய்விட்டது. சாம்பல் நிறப் புடவை போய்விட்டது. நம் கூடத்துத் திரைகள் போய்விட்டன. இப்போது நாங்கள் சாப்பிடும்போது எதிர்வீட்டு டீச்சர் ஜன்னலிலிருந்து, "இன்னைக்கும் தயிரா?" என்று கேட்கிறார். உன் புருஷனுடைய பேண்ட்டுகளில் ஜிப்போடு இருப்பது இரண்டுதான், அவற்றையும் அவன் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கிறான்.

சூப்பர்வைசரம்மா மட்டும் எதுவும் கேட்காமல் கொடுத்துவிட்டார். நான் வாசலைத் தாண்டும்போது கூப்பிட்டு, "அன்னிக்கு கால் இஞ்ச்னு சொன்னது தப்பு, துணிதான் இழுத்திருக்கு. தையல் நேராத்தான் இருக்கு" என்றார். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த அம்மா வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை. அதைக் கேட்டுச் சந்தோஷப்படக்கூட எனக்கு மனசில்லை.

இப்போது கையில் ஏழு இருக்கிறது. இன்னும் நாலு. முடித்துவிட்டு எழுதுகிறேன். அதற்குள் ஒரே ஒரு தடவை போனை எடு. பேச வேண்டாம். எடுத்தாயென்று தெரிந்தால் போதும்.

இப்படிக்கு,
உன் அத்தை

*

சனிக்கிழமை

என் தங்க மருமகளுக்கு அத்தை எழுதுவது.

நீ போனை எடுக்கவில்லை. சரி. இந்தக் கடிதத்தையாவது கடைசிவரை படி. நடுவில் மடித்து வைத்துவிடாதே, விஷயம் கடைசியில்தான் இருக்கிறது.

வாக்கிங் கோஷ்டியிடமிருந்து ஆறும் வந்துவிட்டது. காது மெஷின் அம்மாவுக்கு என் பட்டுப் புடவையிலிருந்து இரண்டு ஜிப் வைத்துத் தைத்துக் கொடுத்தேன், அதற்கும் ஒரு பட்டன் கூட வேண்டும் என்று வாங்கிக்கொண்டார். ரிப்பேர்க்காரர் பர்ஸில் ஊசியும் போல்ட்டும் போட்டு வைத்திருந்தார், எண்ணெய்க் கறை இருக்கிறது, இரண்டு தடவை துவைத்தும் போகவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், உன்னிடம் இனி எதையும் மறைப்பதாக இல்லை.

ஒரு பர்ஸைப் பிரித்துப் பார்த்தேன். பிளேடால் ஒவ்வொரு தையலாக எடுத்து, துணியை இஸ்திரி போட்டு, மறுபடி ஒட்டவைத்து நைட்டியாக்கிவிடலாம் என்று ஒரு பேராசை. ஓரமெல்லாம் நூல் பிரிந்து வந்துவிட்டது. வெட்டினது வெட்டினதுதான். மற்ற ஒன்பதையும் அப்படியே மடித்து, மிச்சத் துணிகளையும் துண்டு துணுக்கு விடாமல் சேர்த்து, நீலப் பையில் கட்டிப் பழையபடி பீரோ மேலே வைத்துவிட்டேன். காகிதத்தில் என்ன எழுதுவது என்று அரை மணி நேரம் யோசித்தேன். இந்த வீட்டில் ஒரு வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம் இருந்தால் நமக்குக் கட்டுப்படியாகாது. கடைசியில் "தொடாதே" என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினேன். உன் புருஷன் பீரோவைத்தான் சொல்கிறேன் என்று நினைத்து, மூன்று நாளாக ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு ஆபீஸ் போகிறான்.

பத்து ஆயிற்றா? பதினொன்றாவது அவனுக்குக் கொடுத்தது. நைட்டியின் பாக்கெட்டை அப்படியே விட்டுத் தைத்தது அது ஒன்றுதான். அந்தப் பாக்கெட் அவ்வளவு அழகாக உட்கார்ந்திருந்தது, பிரிக்க மனசு வரவில்லை. "எங்கேடா" என்று கேட்டால் ஆபீஸில் இருக்கிறது என்றான். நேற்று கேட்டால் பஸ்ஸில் இருக்கிறது என்றான். நான் சும்மா இருப்பேனா? இருபத்திரண்டு வருஷம் நான் பார்க்காத திருட்டு முழியா? சோற்றுத் தட்டை வைக்காமல் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். கக்கிவிட்டான். "மாமாகிட்ட இருக்கும்மா."

எந்த மாமா என்று கேட்டேன். உன் அப்பா.

கோபப்படாதே. அவன்மேல் எனக்கும் கோபம்தான். ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை "ஆபீஸ்ல வேலை" என்று கிளம்புகிறானே, உன் அப்பாவைப் பார்க்கத்தான் போகிறானாம். நீ அவரோடு பேசுவதில்லை என்பதால் உன்னிடமும் சொல்லவில்லை, எனக்குச் சொன்னால் உனக்கு வந்துவிடும் என்று என்னிடமும் சொல்லவில்லை. போய் என்ன செய்வானாம்? இருவரும் டிவி பார்ப்பார்களாம். உன் அப்பாவைப் பற்றித்தான் தெரியுமே! முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். "ஓட்டுநரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள்" என்ற பலகைக்குக் கீழேயே உட்கார்ந்து பழகி, வீட்டிலும் அதே மாதிரி ஆகிவிட்டார். இவன் சாவிக்காகப் பர்ஸை வெளியே எடுத்தபோது அவர் கையை நீட்டியிருக்கிறார். பார்க்கத்தான் கேட்கிறார் என்று கொடுத்திருக்கிறான். அவர் திருப்பித் தரவில்லை. "கேக்கறதுக்கு ஒரு மாதிரியா இருந்துச்சும்மா" என்கிறான்.

நான் கேட்கிறேன் என்று இன்று காலையில் அவனையும் இழுத்துக்கொண்டு போனேன். போகும் வழியெல்லாம் மனசுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே போனேன். பெண்டாட்டி துணியை ஒரு மாதம்கூட வீட்டில் வைக்கப் பொறுக்காத மனுஷனுக்கு இந்தப் பர்ஸ் எதற்கு என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வேண்டும் என்று வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தேன்.

கதவைத் திறந்தார். மூக்கில் கண்ணாடி. நாற்காலியில் கிடந்த செய்தித்தாளை எடுத்துவிட்டு உட்காரச் சொன்னார். தேநீர் போட்டுக் கொண்டு வந்தார், சர்க்கரை போட மறந்துவிட்டார், நானும் சொல்லவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஆணியில் அந்தப் பச்சைக் கட்டப் பர்ஸ் தொங்கிக்கொண்டிருந்தது. நான் விஷயத்தைச் சொன்னேன். பை, காகிதம், கத்திரி, உன் நாலு வரி, எல்லாவற்றையும் சொல்லி, "அவ கொழந்த மாதிரி காப்பாத்தி வெச்சிருந்தது சம்பந்தி, குடுத்துடுங்க" என்று கையை நீட்டினேன்.

தரமாட்டேன் என்றுவிட்டார். "நீங்க கோர்ட்டுக்குப் போனாலும் சரி சம்பந்தியம்மா, இதை மட்டும் தர முடியாது" என்றார். அந்த மனுஷன் என்னிடம் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன்.

பிறகு எழுந்து பர்ஸை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஜிப் பக்கம் போகவில்லை, கண்ணாடியைக் கழற்றி வெளியே இருக்கிற அந்தப் பாக்கெட்டில் போட்டார். "என் கண்ணாடி எப்பவும் இதுக்குள்ளதான் இருக்கும். நான் எங்க வெச்சாலும் அவ எடுத்து இதுல போட்டுப்பா. கண்ணாடி எங்கன்னு கத்துவேன், அவ நின்ன இடத்துலயே பாக்கெட்ட தட்டிக் காட்டுவா. அவ போனப்புறம் நாலு கண்ணாடி தொலச்சுட்டேன். இது வந்ததுலேருந்து தொலையல" என்றார்.

என் வாய் சும்மா இருக்குமா? "இவ்ளோ இருக்கறவரு ஏன் எல்லாத்தையும் கழிக்கச் சொன்னீங்க?" என்று கேட்டேவிட்டேன்.

அவர் விழித்தார். அவர் சொன்னதை ஒரு எழுத்து மாறாமல் எழுதுகிறேன், நீயே படித்துக்கொள். "கழிக்கவா? நானா? பீரோவத் திறந்தாலே எனக்கு நிக்க முடியல சம்பந்தியம்மா. இதெல்லாம் கொஞ்சம் ஒதுக்கி வைம்மான்னு பொண்ணுகிட்ட சொன்னேன். கண்ணுல படாம ஒரு ஓரமா வைக்கத்தான் சொன்னேன். கடைக்குப் போயிட்டு வந்து பாத்தா ஒண்ணுமே இல்ல. சரி, அவளாலயும் பாக்க முடியல போலருக்கு, யாருக்கோ குடுத்துட்டான்னு நெனச்சேன். கேட்டா அழுவாளேன்னு கேக்கல. அப்புறம் அவ ஏன் எங்கிட்ட பேசறதில்லன்னுதான் எனக்குப் புரியவே இல்ல."

நான் எழுந்து போய் பீரோவைத் திறந்தேன். அடுத்தவர் வீட்டுப் பீரோவைத் திறக்கிறோமே என்று அப்போது தோன்றவில்லை. ஒரு பக்கம் அவருடைய சட்டைகள் ஒன்றின் மேல் ஒன்றாக நசுங்கிக் கிடக்கின்றன. மறுபக்கம் மூன்று தட்டும் காலி. இத்தனை இடம் இருக்கும்போது ஏன் இப்படித் திணித்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். "அது அவ பக்கம்" என்றார்.

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன், மருமகளே. உன் புருஷனும் அழுதான். உன் அப்பா மட்டும் அழவில்லை, எங்கள் இருவருக்கும் இன்னும் ஒரு தடவை சர்க்கரையில்லாமல் தேநீர் போட்டுக் கொண்டு வந்தார்.

நான் திரும்பி வரும்போது பர்ஸ் இல்லாமல்தான் வந்தேன். பதினொன்றையும் மீட்டுத் தருவதாகச் சொன்னவள், பத்தோடு நிற்கிறேன். அதை அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டு வர எனக்குக் கை வரவில்லை. என்னைத் திட்டு. ஆனால் அதற்காக மட்டும் திட்டாதே.

அவர் நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டார். விடுதிச் சாப்பாடு சரியில்லை என்று சொன்னேன். பயிற்சிக்குப் போகிற ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், நடந்தா, பஸ்ஸா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. எந்த நம்பர் பஸ் என்று நீதான் சொல்ல வேண்டும். மாலை ஆறு மணிக்கு மேல் அவர் வீட்டில்தான் இருப்பார், வேறு எங்கே போகப்போகிறார்?

எனக்கு நீ போன் பண்ண வேண்டாம் அம்மா. என்னை மன்னிக்கவும் வேண்டாம், அதற்கு அவசரமில்லை. அவருக்கு ஒரு போன் பண்ணு. என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் என்னைப் பற்றிப் பேச ஆரம்பி. உன் அம்மா நைட்டியை நான் எப்படிக் கண்டந்துண்டமாக வெட்டினேன் என்று சொல். அவரும் சொல்லட்டும். அப்பாவும் பெண்ணுமாகச் சேர்ந்து, நேரம் போவதே தெரியாமல், என்னை நன்றாகத் திட்டித் தீருங்கள்.

உங்கள் இருவர் வாயாலும் திட்டு வாங்கி நூறு வயது இருக்க ஆசைப்படும்,
உன் அத்தை